நல்லா வந்துது

ஜனவரி 12

என் அன்புக்குரியவருக்கு,

இங்கே நலம். அங்கே நலமா என்று கேட்டால் மழையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிட்டு உங்களைப் பற்றி ஒரு வரியும் எழுத மாட்டீர்கள். இந்தத் தடவையாவது சாப்பாட்டைப் பற்றி எழுதுங்கள். யார் சமைக்கிறார்கள்? குவார்ட்டர்ஸ் கூரை ஒழுகுகிறதா? மாற்றல் உத்தரவு வந்ததும் ஒரே பெட்டியோடு போனவர், போர்வையைக்கூட எடுத்துப் போகவில்லை.

கிளினிக்கில் கூட்டம். மருந்துக்கடை மாடியில் அதே இரண்டு அறைதான். உள்ளறையில் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, பேச்சு சரியாக வராதவர்களுக்கு நாள் முழுக்க நாக்கை நீட்டிக் காட்டுகிறேன். தண்ணீர் குடிக்க வந்தவர்கூட என்னைப் பைத்தியம் என்று நினைத்துத் திரும்பிப் போவார். பக்கவாதத்துக்குப் பிறகு எல்லாவற்றுக்கும் "ஆமா" என்று மட்டும் சொல்கிற வங்கி மேனேஜர் நேற்று முதல்முறையாக "இல்ல" என்றார். அவர் மனைவி அழுதுகொண்டே, "இனிமே சண்டை போடலாம்" என்றாள்.

இன்னொரு கூத்து. "க" வராத நாலு வயதுப் பயல் ஒருவன். "க" என்பதற்கெல்லாம் "த" என்பான். மரத்தில் காக்காயைப் பார்த்து அவன் "தாத்தா! தாத்தா!" என்று கத்த, கூட வந்த தாத்தா, "பாத்தீங்களா, எம்மேல எவ்ளோ பாசம்!" என்று பூரித்துப்போவார். இரண்டு மாதம் போராடி "க" வரவழைத்தேன். இப்போது அவன் எல்லாவற்றுக்கும் "க" போடுகிறான். போன வாரம் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டு, "காக்கா!" என்றான். அந்த மனுஷன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

நான் எழுதிக் கொடுத்த மூச்சுப் பயிற்சியைச் செய்கிறீர்களா? செய்திருந்தால் இந்நேரம் போனில் பேசியிருப்பீர்கள். பேசப் பேசத்தான் வரும்.

உங்கள் மனைவி.


ஜனவரி 30

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

டாக்டர் இல்லை என்று திருத்தாதே. மருந்துக்கடைக்காரர் சொல்வதைத்தான் நானும் சொல்கிறேன்.

கூரை ஒழுகவில்லை. பக்கத்து வீட்டு வால்வு அண்ணனின் மனைவி எனக்கும் சேர்த்துச் சமைக்கிறார். அந்த அண்ணனுக்குப் பெயர் வேறு. குடிநீர்க் குழாய் வால்வுகளைத் திறந்து மூடுகிறவர் என்பதால் ஊரே அப்படித்தான் கூப்பிடுகிறது. பம்ப் ஹவுஸில் இரண்டு மோட்டார்கள். அந்தச் சத்தத்தில் யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. எல்லோரும் கையால்தான் பேசுவார்கள். ஆகவே இந்த அலுவலகத்திலேயே சரளமாகப் பேசுகிறவன் நான்தான்.

தெருமுனையில் ஒரு டீக்கடை. முதல் நாள் நான் போய் நின்று "க்... க்..." என்று திணறியபோது, கடைக்காரர் டம்ளரைத் துடைத்துக்கொண்டே நின்றார். அந்த டம்ளர் சுத்தமாகிவிட்டது. இன்னொன்றை எடுத்தார். "சொல்லுங்க சார், பால் கொதிக்க நேரமிருக்கு" என்றார். "காப்பி" என்று சொல்லி முடித்தேன். காப்பி வந்தது. இத்தனை வருஷம் நான் டீ குடித்தது டீ பிடித்து அல்ல. அந்தச் சொல் சுலபமாக வரும், அவ்வளவுதான்.

வாலு எப்படி இருக்கிறாள்? வேலையில் சேர்ந்த பிறகு அப்பாவை மறந்துவிட்டாள் என்று சொல். போன் வேண்டாம். போனில் நாம் இருவர் பேசினால் ஒருவர் குரல்தான் கேட்கும். கடிதத்தில் நானும் பேசலாம்.

மூச்சுப் பயிற்சி செய்யவில்லை. மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன் பம்ப் ஹவுஸ்காரன்.


மார்ச் 4

என் அன்புக்குரியவருக்கு,

முதலில் நல்ல செய்தி. உங்கள் வாலு தன்னோடு வேலை பார்க்கும் பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறாளாம். வீட்டுக்கு வந்தான். நல்ல பையன், அவசரமாகச் சிரிக்கிறான். ஜூன் மாதம் பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, சாயந்திரம் ஒரு சின்ன விருந்து. "விருந்துல அப்பா ரெண்டு வார்த்தை பேசணும்" என்று பிடிவாதம் பிடிக்கிறாள். பயப்படாதீர்கள். உங்களுக்குச் சிக்குகிற எழுத்துகளையெல்லாம் முடிந்தவரை தவிர்த்து அரைப் பக்கம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். முடியாவிட்டால் நானே உங்கள் சார்பில் வாசித்துவிடுகிறேன்.

அடுத்தது நல்ல செய்தியா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். காக்கா தாத்தா உங்கள் தலைமை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். பேச்சுவாக்கில் உங்களைப் பற்றிச் சொன்னேன். "அந்த ஊரா? யாருமே போக மாட்டேன்னாங்க. உங்க வீட்டுக்காரர்தான் கேட்டு வாங்கிட்டுப் போனாராமே!" என்றார். தெரிந்ததுபோலத் தலையாட்டினேன். அவர் போன பிறகு கண்ணாடி முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன்.

பந்தாடுகிறார்கள் உங்களை என்று நான் திட்டாத அதிகாரி இல்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எழுதியாவது வைத்திருக்கலாம்.

காப்பி பற்றி ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. உங்களுக்குக் காப்பி பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது.

உங்கள் மனைவி.


மார்ச் 21

அன்புள்ளவளுக்கு,

ஆமாம். நான்தான் கேட்டேன். யார் போகத் தயார் என்று கூட்டத்தில் கேட்டார்கள். கையைத் தூக்கினேன். கை தூக்கப் பேச வேண்டியதில்லை.

நம் கல்யாணத்தில் எல்லோரும் சொன்ன கேலி ஞாபகம் இருக்கிறதா? பல் டாக்டருக்குச் சொத்தைப் பல் மாப்பிள்ளை கிடைத்தானென்று. நானும் சிரித்தேன். உண்மையில் எனக்குப் பெருமைதான். திக்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாத ஒரே பெண் நீதான். முகத்தை நேராகப் பார்த்தாய். பிறகுதான் தெரிந்தது, நீ பார்த்தது வாயை.

இதைச் சொல்லாமலே போய்விடலாம் என்றுதான் இருந்தேன். நீ எழுதி அனுப்பிய அரைப் பக்கம் சொல்ல வைக்கிறது.

அம்மா இறந்த அன்று என் அண்ணன் ஊரிலிருந்து அலுவலகத்துக்குத் தகவல் சொன்னார். நான் நேராக உன் கிளினிக்குக்கு வந்தேன். கண்ணாடி முன்னால் ஒரு குழந்தையை உட்கார வைத்திருந்தாய். கதவைத் தள்ளிக்கொண்டு நின்றேன். "அ" தொண்டையிலேயே பூட்டிக்கொண்டது. நீ நிமிர்ந்து பார்த்தாய். வலது கையை மெல்லக் கீழே இறக்கிக் காட்டினாய். மூச்சை விடு, மெதுவாகத் தொடங்கு. உனக்கு அது பழக்கம். நானும் பழகியவன்தானே, மூச்சை விட்டேன். "அம்மா போயிட்டாங்க." ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது.

நீ சொன்னாய்: "நல்லா வந்துது."

ஒரு நொடிதான். அடுத்த நொடி எழுந்து ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு என்னைவிட அதிகமாக அழுதாய். அதற்கு முன் அம்மா நம் வீட்டில் படுத்த படுக்கையாய்க் கிடந்தபோது நீதான் பார்த்துக்கொண்டாய். பெற்ற பிள்ளைகள்கூட அப்படிச் செய்யவில்லை. அதையெல்லாம் நான் மறக்கவில்லை. அந்த ஒரு நொடியையும் மறக்க முடியவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் வாயைத் திறக்கும்போதெல்லாம், சொல்வது சேருமா, சொல்கிற விதம்தான் சேருமா என்று ஒரு யோசனை வந்துவிடுகிறது. யோசிப்பதற்குள் நீ வாக்கியத்தை முடித்துவிடுவாய். பெரும்பாலும் சரியாகத்தான் முடிப்பாய். சில சமயம் நான் சொல்ல வந்தது வேறாக இருக்கும். "ஆமா" என்று விட்டுவிடுவேன்.

கோபத்தில் எழுதவில்லை. வாலுவுக்கு என் ஆசி.


ஏப்ரல் 9

அன்புக்குரியவருக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று காத்திருந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

அந்தக் குழந்தை யார் என்று ஞாபகம் இருக்கிறது. "ர" வராத பெண். ரிப்பனை "யிப்பன்" என்பாள். ஊருக்குப் போகிற பஸ்ஸில் நீங்கள் என் தோளில் தலை வைத்திருந்தது ஞாபகம் இருக்கிறது. நான் சொன்ன அந்தச் சொல் மட்டும் ஞாபகத்தில் இல்லை. சொல்லியிருப்பேன். ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிற சொல். குழந்தைகளுக்கு மிட்டாய் மாதிரி அது.

"அன்பினால்தான் எல்லாம் செய்தேன்" என்று இந்த இடத்தில் எழுதி அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். அடித்ததும் சரிதான்.

அரைப் பக்கத்தைக் கிழித்துப்போடுங்கள். கல்யாணத்துக்கு வாருங்கள். பேசுவதும் பேசாததும் உங்கள் இஷ்டம். நான் எதையும் எடுத்துக் கொடுக்க மாட்டேன்.


ஏப்ரல் 20

வருகிறேன். பேசுகிறேன். பழைய சாம்பல் நிறக் கோட்டை எலி கடிக்காமல் இருந்தால் இஸ்திரி போட்டு வை.


ஜூன் 18

என் அன்புக்குரியவருக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். வாலுவும் மாப்பிள்ளையும் தேனிலவுக்கு மலைப்பக்கம் போயிருக்கிறார்கள். வீடு முழுக்கப் பூங்கொத்து. வைக்க ஜாடி இல்லாமல் ஒன்றை வாளியில் வைத்திருக்கிறேன்.

அந்த விருந்தைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் எழுந்ததும் என் தட்டையே பார்ப்பது என்று முடிவு செய்திருந்தேன். முடியவில்லை. முதல் சொல்லிலேயே நின்றீர்கள். சம்பந்தியம்மா என் பக்கம் சாய்ந்து, "நீங்க கொஞ்சம் எடுத்துக் குடுங்களேன், பாவம்" என்றார். "அவரே சொல்லுவார்" என்றேன். கவனித்தீர்களா? ஒரு எழுத்துகூட எடுத்துக் கொடுக்கவில்லை. நடுவில் ஒரு வாக்கியம் தண்ணீர் மாதிரி ஓடியது. பிறகு "வ"வில் வெகுநேரம் நின்றீர்கள். கழுத்து நரம்பு புடைத்தது. ஆனால் முன்போலக் கண்ணை மூடவில்லை, கையைத் தட்டிக்கொள்ளவில்லை. கடைசி வாக்கியத்தை அவசரப்படாமல் முடித்தீர்கள். வாலு அழுதாள். எல்லோரும் கைதட்டியபோது நானும் தட்டினேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை, அதையும் கவனித்திருப்பீர்கள்.

என்னால் முடிகிறது. கற்றுக்கொள்வதற்கு வயது ஏது? தலைமை அலுவலகத்தில் ஓர் இடம் காலியாகிறது என்று காக்கா தாத்தா சொன்னார். எழுதிப் போடுங்கள். வீட்டுக்கு வந்துவிடுங்கள். காப்பி போடப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் மனைவி.


ஜூலை 6

அன்புள்ளவளுக்கு,

எழுதிப் போடவில்லை. போடவும் மாட்டேன். வேறு யாராவது சொல்லித் தெரிவதைவிட நானே சொல்வது நல்லது என்று இந்த முறை முந்திக்கொள்கிறேன்.

நீ பட்ட பாட்டை நான் பார்த்தேன். நான் ஒவ்வொரு சொல்லில் நின்றபோதும் நீ மூச்சை நிறுத்தினாய். சொல் வந்ததும் விட்டாய். உன் உதடு எனக்கு முன்னால் போய் அந்தச் சொல்லின் வாசலில் நின்றுகொண்டிருந்தது. பிள்ளை சுவர்மேல் நடந்தால் கீழே நிற்கிற தாய்க்குக் கால் கூசும். அது அவள் தப்பில்லை. உன் தப்பும் இல்லை. ஆனால் நான் உன் பிள்ளை இல்லையே.

அன்று என் பாரத்தோடு உன் பாரத்தையும் தூக்கிக்கொண்டுதான் பேசினேன். ஒரு சாயந்திரத்துக்கு அது பரவாயில்லை. தினமும் என்றால், என் பொருட்டு நீ உன் வீட்டிலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டு வாழ வேண்டும். உனக்கும் வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எங்கே நின்றேன், எங்கே ஓடியது, எந்த நரம்பு புடைத்தது, எல்லாம் இருக்கிறது. நான் என்ன சொன்னேன் என்பதைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. அதில் பாதி உனக்காகச் சொன்னது.

வாலுவின் பிறந்தநாளுக்கு வருவேன். உடம்பைப் பார்த்துக்கொள். நாள் முழுக்கப் பேசுகிறாய், தொண்டைக்கு வெந்நீர் குடி.


ஆகஸ்ட் 2

அன்புக்குரியவருக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மறுப்பதற்கு ஏதாவது கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தேன். கிடைக்கவில்லை.

உங்கள் சட்டைகள், போர்வை, குளிருக்கு இரண்டு ஸ்வெட்டர், எல்லாவற்றையும் பார்சல் சர்வீஸில் போட்டிருக்கிறேன். வந்ததும் வால்வு அண்ணன் வீட்டம்மாவிடம் சொல்லி ஒருமுறை வெயிலில் உலர்த்தச் சொல்லுங்கள். பெட்டியில் இருந்த வாடை.

வாலுவைப் போனில் கூப்பிட்டு, "அன்னைக்கு அப்பா என்ன பேசினார்?" என்று கேட்டேன். "பக்கத்துலதானேம்மா உக்காந்திருந்த?" என்றாள்.

"ஆமா. நீ சொல்லு" என்றேன்.

சொன்னாள். முதலில் மாப்பிள்ளைக்கு ஏதோ வேடிக்கையாகச் சொன்னீர்களாம். அதற்குத்தான் சிரித்தார்களாம், சிரிப்புச் சத்தம்கூட எனக்கு நினைவில்லை. பிறகு, "நான் வீட்ல அதிகம் பேசாதவன். எல்லாரும் அது கோபம்னு நெனைச்சாங்க. அப்படி இல்ல. வேலை முடிஞ்சு வந்து இவ அம்மா பேசறதக் கேட்டுக்கிட்டு உக்கார்ந்திருக்கறது எனக்குப் பிடிக்கும்" என்றீர்களாம்.

அவள் சொல்லிவிட்டு, "கேக்குதாம்மா?" என்றாள். கேட்டது.

காலையிலிருந்து மாலை வரை கிளினிக்கில் பேசுகிறேன். படியிறங்கிப் பூட்டைப் போட்டால், மறுநாள் திறக்கும் வரை யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியிருப்பதில்லை. நேற்று அடுப்படியில் நின்றுகொண்டு கிளினிக்கில் அன்றைக்கு நடந்ததையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவி.