குழியில் இருப்பது யார்

நோட்டை விரித்ததும் நடுப்பக்கத்திலிருந்து கொஞ்சம் மஞ்சள் நிற மரத்தூள் மடியில் உதிர்ந்தது. ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்து பார்த்தேன். அயினி. உன் வீட்டுப் பின்புறம் நின்ற அயினியேதான். பாடம் எழுதத்தான் உட்கார்ந்தேன். தூளைக் கண்டதும் உனக்கு எழுதத் தோன்றிவிட்டது.

ஆமாம், எனக்கு இப்போது எழுத வரும். சிரிக்காதே. நீ போன பிறகு பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்குச் சாயங்கால வகுப்பு வைத்தார்கள். நான் போனேன், உன் மனைவி, நம் மைனியும் வந்தார். மைனிக்குக் காது ரொம்ப மந்தமாகிவிட்டது. பஸ் பின்னால் வந்து ஹாரன் அடித்தாலும் திரும்பமாட்டார். டீச்சர் அவரை முன்னால் உட்காரவைத்து, காதுப்பக்கம் குனிந்து எழுத்தைச் சொல்கிறார். எனக்கு ஒரு வரி எழுத ஒரு வெற்றிலை மென்று துப்புகிற நேரம் ஆகிறது. ஆனாலும் வரி முடிந்ததும், கோடு பிசகாமல் அறுத்த பலகையைத் தடவிப் பார்க்கிற சந்தோஷம் வருகிறது.

உனக்கு விறகு அடுக்கியது நான்தான். இரண்டு கோடை காய்ந்த மாவிறகு. சுடுகாட்டில் உட்கார்ந்து, இரண்டிரண்டு கட்டையாக எடுத்து முட்டிப் பார்த்தேன். கணீரென்று கேட்டால் சேர்த்தேன், மொத்தென்று கேட்டால் தள்ளினேன். நீ சொன்ன வழிதான். துக்கத்துக்கு வந்தவர்கள் எனக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்தார்கள். நினைக்கட்டும். கடைசிவரை புகையவில்லை.

முப்பது வருஷம் நாம் ஆளுக்கொரு முனையாக ஈர்வாள் பிடித்தோம். மரத்தடிக்கு மேலே நீ, அறுப்புக்குழிக்குள்ளே நான். கண்ணில் தூள் விழாமலிருக்க முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்பேன். கோடு உனக்குத்தான் தெரியும். எனக்கு உன் குரலும், வாள் கையில் இழுத்துவிடுகிற தாளமும் மட்டும்தான். இழு, ஒரு மூச்சு, விடு. மில் வந்த பிறகு நாம் கிளை வெட்டவும் காற்றில் சாய்ந்த மரம் அறுக்கவும் போனோம். தாளம் மட்டும் கையை விட்டுப் போகவில்லை.

மலையடிவாரத் தோட்டத்தில் பலா சாய்ந்தது ஞாபகம் இருக்கிறதா? வேரோடு ஒரு வட்டம் மண்ணைப் பெயர்த்துக்கொண்டு சாய்ந்திருந்தது. வேரும் மண்ணும் சுவர் மாதிரி நட்டமாக நின்றன. அதன் பின்னால் ஆள் படுக்கிற அளவுக்குக் குழி. நிழலாக இருக்கிறது என்று நம் கஞ்சிப்பானையை நான் அந்தக் குழிக்குள் வைத்தேன். நீ அடிமரத்தை அறுத்தாய். தடி விலகியதும் ஒரு பெருமூச்சு மாதிரிச் சத்தம். வெட்டுப்பட்ட அடிக்கட்டை தானாக எழுந்து நின்றது. படுத்தவன் எழுந்து உட்கார்வதுபோல அத்தனை நிதானம். வேர்ச்சுவர் மூடியாக இறங்கிக் குழியை அடைத்துக்கொண்டது. முதலில் பானைக்காகச் சிரித்தோம். பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு நின்றது.

நீ குனிந்து தரையில் காதை வைத்தாய். ரொம்ப நேரம் வைத்திருந்தாய்.

"என்ன கேக்குது மக்கா?" என்றேன்.

"வேரு உக்காருது. நீ வா, போவோம்."

அன்றிலிருந்து, சாய்ந்த மரத்தில் கடைசி அறுப்பு வைக்கும் முன் சுவரைச் சுற்றிப் போய்க் குழியைப் பார்ப்பாய். பார்த்த பிறகும் மூன்று தடவை கூப்பிடுவாய். "குழியில இருக்கது யாரு, வெளிய வா." வெறுங்குழியைப் பார்த்து இப்படிக் கூப்பிடுகிறாயே, அதில் யார் இருக்கிறார்கள் என்று உன்னைக் கேலி செய்திருக்கிறேன். "இல்லாதவன் வரமாட்டான். அம்புட்டுதானே" என்பாய்.

இனி ஐப்பசிக் காற்றில் உன் அயினி சாய்ந்த கதை. வீட்டின்மேல் விழாமல் வாழைத்தோப்புப் பக்கம் படுத்துவிட்டது. பலகை அறுத்து அடுக்களைக்குக் கதவு போடலாம் என்று மைனி சொன்னார். களியக்காவிளைப் பக்கத்திலிருந்து மெஷின் வாளோடு ஒருவரை வரவழைத்தேன். நல்ல வேலைக்காரர், நாற்பது வயது இருக்கும். நமக்கு அரை நாள் பிடிக்கிற அறுப்பு அவருக்கு ஒரு பீடி நேரம். முதலில் கிளைகளைக் கழித்தார். கிளை எந்தப் பக்கம் நெரிகிறது, எந்தப் பக்கம் விறைத்து நிற்கிறது என்று பார்த்து, நெரிகிற பக்கம் சின்னதாக ஒரு வெட்டு கொடுத்துவிட்டு விறைத்த பக்கத்தை அறுத்தார். அவர் வேலையில் ஒரு குற்றமும் இல்லை.

குற்றம் என்னுடையது. தடியின் நீளத்தைக் கோல் வைத்து அளந்து கரியால் எழுதுவது எப்போதும் உன் வேலை. இப்போது எனக்கும் எழுத வருமே. கதவு, நிலைச்சட்டம், விறகு என்று துண்டு துண்டாகக் குறித்தேன். நோட்டிலும் எழுதினேன். "பாட்டா, எழுதி முடிஞ்சுதா? தடி காஞ்சு போவும்" என்றார் அவர். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எழுதிக்கொண்டே, அறுக்கும்படி கையைக் காட்டினேன். குழிப்பக்கம் போகவில்லை. கூப்பிடவுமில்லை.

அந்த நேரம் மைனி வேர்ச்சுவருக்குப் பின்னால் குழிக்குள் இறங்கி, அறுந்த வேர்களை விறகுக்குக் கூடையில் பொறுக்கிக்கொண்டிருந்தார். எங்களுக்குத் தெரியாது.

மெஷின் அலறியது. தடி விலகியது. அதே பெருமூச்சு. அடிக்கட்டை எழுந்து நின்றது. தரை அதிர்ந்தது. மெஷின் ஓய்ந்தபோது, வாழைகளுக்கு நடுவிலிருந்து மைனி சேலையில் மண்ணைத் தட்டிக்கொண்டே வந்தார். முகத்தில் நல்ல கோபம்.

"என்ன வே, மூணு தடவயா கூப்பிடுவீரு? குழியில இருக்கது யாருன்னு வேற கேள்வி. நான் யாருன்னு தெரியாதாக்கும்? ஒரு வேரு பொறுக்க விடலியே."

பிறகுதான் திரும்பிப் பார்த்தார். குழி இருந்த இடத்தில் மரம் நின்றது. கூடையும் வெட்டுக்கத்தியும் அதற்குள்ளே. அப்படியே என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

மெஷின்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "பாட்டா, நீங்களா கூப்பிட்டீய? எனக்குக் கேக்கலியே."

அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்காது. மைனிக்கு எப்படிக் கேட்கும்? காதுப்பக்கம் நின்று சொன்னதுபோல இருந்ததாம். நான் தலையை ஆட்டினேன். "ஆமா, நான்தான்" என்றேன். உண்மையைச் சொன்னால் மைனி அந்த இடத்திலேயே விழுந்துவிடுவார் என்று பயம். என் தப்பு வெளியே வந்துவிடுமே என்ற பயமும் இருந்தது. எழுத்தில் பொய் சொல்லக்கூடாது.

அன்றைக்கு மைனி பால் விடாத கட்டன்சாயா போட்டுக் கொடுத்தார். உன் தம்ளரில். நான்தான் தன் உயிரைக் காப்பாற்றியதாகத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் போகும்போதெல்லாம் அதே தம்ளரில் சாயா. ஒவ்வொரு மடக்கும் உனக்குச் சேர வேண்டியது. குடித்துவிட்டேன்.

பலகைகளை ஷெட்டில் அடுக்கிவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் நடுவே மெல்லிய சட்டம் வைத்து, முனை வெடிக்காமல் சாணி பூசி, மேலே கல் ஏற்றியிருக்கிறேன். காய்ந்து பக்குவமாக ஒரு கோடை வேண்டும். வேலை முடிந்தது என்று வீட்டில் இருக்க முடியவில்லை. தினமும் சாயங்காலம் உன் அயினியிடம் போகிறேன். இடுப்பு உயரத்துக்கு நிற்கிறது. வெட்டுவாயில் பால் கசிந்து கட்டியிருக்கிறது. மண் மூடியதற்கு அடையாளமாகச் சுற்றி ஒரு மெல்லிய கீறல், அவ்வளவுதான்.

முந்தாநாள் யாரும் இல்லாதபோது, நீ செய்ததுபோலத் தரையில் காதை வைத்தேன். உள்ளே ஒரு சத்தம் இருக்கிறது. வேர் உட்காருகிறது என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். ஆனால் அந்தத் தாளம் நம்முடையது. இழுக்கிறது, ஒரு மூச்சு நிற்கிறது, விடுகிறது. முப்பது வருஷம் குழிக்குள் நின்றவனுக்கு அது தெரியாதா? இப்போது நான் மேலே, நீ கீழே. முதுகெல்லாம் சில்லிட்டது. சொன்னால் நம்பமாட்டாய், கூடவே சந்தோஷமும் வந்தது. காதில் மண்ணோடு எழுந்து உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன்.

நீ விட்டுப் போனதில் என் கையில் இருப்பது அந்தக் கூப்பாடு ஒன்றுதான். இனி எந்த மரத்திலும் அதை மறக்கமாட்டேன். நேற்று உன் அயினிக்கு முன்னால் நின்றும் கூப்பிட்டேன். குழியில இருக்கது யாரு, வெளிய வா. இரண்டாவது தடவையும் கூப்பிட்டேன். வாழையிலைகூட அசையவில்லை. கீழே அந்தத் தாளம் நின்றதுபோல இருந்தது. கூப்பிடுகிறவன் குரலுக்காக ஆள் கையை நிறுத்துவதுபோல.

மூன்றாவது தடவை கூப்பிடவில்லை.

நாளைக்கு இந்தத் தாளை மைனியிடம் கொடுக்கப்போகிறேன். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார், பொழுது சாய்ந்துவிடும். முடிகிறவரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். வாசித்தபிறகு என்னைத் திட்டட்டும், தம்ளரைத் திருப்பி வாங்கிக்கொள்ளட்டும். அதற்குப் பிறகு அவரை அயினிக்குப் பக்கத்தில் கூட்டிப்போய் விட்டுவிட்டு, நான் தள்ளி நின்றுகொள்வேன்.

மூன்றாவது தடவை அவர் கூப்பிடட்டும்.