ஒப்பாரியை லைவில் போட்டார்கள்

பங்குனி 9, திங்கள்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. அப்பா கருமாதி வரை கண்டமங்கலத்தில், அம்மா வீட்டில்தான். வாங்க வேண்டியது: எள், நெய், வாழையிலை. பந்தலுக்கும் சொல்லணும்.

மதியம் விக்கிரவாண்டியிலிருந்து வீட்டுக்காரர் போன். சாப்பிட்டாயா என்றுகூட இல்லை.

"என்னாடி பேசி வச்சிருக்க? ஊரே பாத்துக்கினு இருக்குது."

பிறகுதான் விளங்கியது. துபாயிலிருந்து வர முடியாத தம்பிக்காக, அப்பா சாவை லைவ் எடுக்கச் சொல்லியிருந்தோம். திண்டிவனம் ஸ்டுடியோக்காரர் தன் சேனலிலேயே போட்டுவிட்டார். நான் அப்பா மேல் விழுந்து அழுதது முழுக்க.

செவ்வாய்

பார்த்தேன். என் குரலா அது!

"மல்லாட்ட புடுங்கி முடிச்சிட்டுப் போன்னு மாமியா சொன்னாளே, காலொடிஞ்சி கெடந்த உன்னப் பாக்க வுடலையே எங்கப்பா..."

பொய்யில்லை. வேர்க்கடலை அறுவடையைக் காட்டித்தான் நிறுத்தினார். ஒப்பாரியில் மாமியாரைத் திட்டாத மருமகள் யார்? பிணத்தை எடுத்த பிறகு அதை யாரும் கேட்க மாட்டார்கள். மாமியாரும் தன் அம்மா சாவில் பாடியவர்தான். அவரை யார் கேட்டது? இது மட்டும் இன்னும் ஓடிக்கொண்டே இருக்கிறது. கமெண்டில் ஒருவன், "அக்கா சூப்பர்." சீ.

புதன்

ஸ்டுடியோவுக்குப் போன். அழித்துவிடுங்கள் அண்ணா என்றேன்.

"ஏம்மா, நல்லா போய்க்கினு இருக்குது. ஒங்க தம்பிதான லைவ் கேட்டாரு?"

"தம்பி தனக்குக் கேட்டான். ஊருக்கா கேட்டான்?"

கத்திவிட்டேன். அழித்துவிட்டார். அதற்குள் யாரோ அந்த இடத்தை மட்டும் வெட்டி வாட்ஸப்பில். மாமியாருக்கு அனுப்பியது நாத்தனார். வேறு யார்?

இரவுக்குக் கேப்பைக் கூழ். பாதிதான் குடித்தேன்.

வெள்ளி

வீட்டுக்காரர் வந்தார். வாசலில் நின்றபடியே பேச்சு.

"அம்மா ஒரே பேஜாரு பண்ணுது. துக்கத்துல ஒளறிட்டேன்னு நீயே லைவ்ல வந்து சொல்லணுமாம். இல்லன்னா வூட்டுக்குள்ள வரக்கூடாதாம்."

"நீங்க என்னா சொன்னீங்க?"

குடிக்கத் தண்ணீர் கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா என் கையைப் பிடித்து, "சொல்லிட்டுப் போம்மா, பொழப்பப் பாரு" என்றாள். சரி என்றேன்.

சனி

காலையில் தலைக்குக் குளித்தேன். வீட்டுக்காரர் போனைப் பிடித்தார். எல்லாருக்கும் வணக்கம் என்றேன். அடுத்து, மாமியார் என்னைத் தடுக்கவே இல்லை என்று சொல்ல வேண்டும். வாய் வரவில்லை.

"எங்கப்பா சாவுற வரைக்கும் என்னக் கேட்டுக்கினே கெடந்தாரு. என்ன அனுப்பல. அன்னிக்கி நான் சொன்னது நெஜம்" என்றேன். அழவில்லை.

அவர் போனை அணைக்கவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.