கதவைத் தாழ் போடு

பூதப்பாண்டி,
12 மே 1954

அன்புள்ள குமாரதாஸ்,

கொழும்பில் கடை வைத்திருக்கும் நம் ஊர்க்காரர்கள் சேர்ந்து அனுப்பிய பிராணவாயு உருளையும் ரப்பர் காற்றுப்பையும் பத்திரமாக வந்தன. எங்கள் சின்ன ஆஸ்பத்திரியில் ஓர் அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, அவற்றுக்கென்றே ஒதுக்கிவிட்டேன். மூச்சு நின்றவனுக்குத் தொண்டையில் குழாய் விட்டு, இந்தப் பையைக் கையால் அமுக்கி அமுக்கி மூச்சுக் கொடுக்கலாம்.

ஆனால் யாருக்குக் கொடுக்க? வெளியே உயிர் போனால் உடலை வீட்டுக்குள் ஏற்றமாட்டார்கள், முற்றத்தில்தான் கிடத்துவார்கள். உனக்குத் தெரியாததா? நிலைமை மோசம் என்று நான் வாய் திறந்ததும் வண்டியைக் கட்டிவிடுகிறார்கள். நேற்று ஒரு தோவாளைப் பூ வியாபாரியைப் பாதி மூச்சோடு தூக்கிப் போனார்கள். வழியிலேயே முடிந்துவிட்டது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

உன் மனைவி சொர்ணம் நலம். அந்த அறை ஜன்னலுக்குத் திரை தைத்துக் கொடுத்தாள். நீ கடிதம் போடுவதில்லை என்று அவளுக்குக் குறை.

உன்
ஜெபசீலன்


கொழும்பு,
20 மே 1954

அன்புள்ள ஜெபசீலா,

உன் கடிதத்தை இங்கே நம் ஊர்க்காரர் சங்கத்தில் வாசித்தேன். எல்லாரும் கொதித்துப் போனார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரையே எதிர்த்துப் பேசினவன் நீ. டாக்டரானதும் நாலு சொந்தக்காரனுக்குப் பயந்துவிட்டாயே!

முற்றத்துக்குப் பயந்து மனிதனைச் சாகவிடுவதா? இனி யார் வந்து தூக்கினாலும் கதவைத் தாழ் போடு. என் வீட்டு ஆளாக இருந்தாலும் விடாதே. சங்கத்தின் உத்தரவு என்று சொல்.

சொர்ணத்துக்கு அடுத்த வாரம் கட்டாயம் எழுதுவேன். கடையில் தலைக்கு மேல் வேலை.

உன்
குமாரதாஸ்


தந்தி
பூதப்பாண்டி, 3 ஜூன் 1954

சொர்ணத்தைக் கட்டுவிரியன் கடித்தது. மூச்சு நின்றது. நாடி நன்று. காற்றுப்பையால் மூச்சுக் கொடுக்கிறோம். விஷம் இறங்கினால் பிழைப்பாள். உன் தம்பி வீட்டுக்குக் கொண்டுபோக நிற்கிறான். வேண்டாம் என்று உடனே தந்தி அடி. ஜெபசீலன்.


தந்தி
கொழும்பு, 4 ஜூன் 1954

தம்பி சொல்வதைக் கேள். உயிர் இருக்கும்போதே வீட்டில் சேர். அவளை முற்றத்தில் கிடத்தவிடாதே. குமாரதாஸ்.


பூதப்பாண்டி,
15 ஜூன் 1954

குமாரதாஸ்,

சொர்ணம் பிழைத்துவிட்டாள். நேற்றுத் தானே எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். சந்தோஷமாக எழுத வேண்டிய கடிதம் இது. எனக்கு உன்மேல் கோபம் தீரவில்லை.

உன் தந்தியை உன் தம்பி வைகுண்டராஜன் என் கையிலிருந்து பிடுங்கி, கட்டிலருகே நின்று உரக்க வாசித்தான். “அண்ணனே சொல்லியாச்சு. இனி நீரு ஆரு தடுக்கதுக்கு?” என்று கத்தினான். வாசலில் வண்டி நின்றது. நான் கதவைத் தாழ் போட்டேன். உன் மே மாதக் கடிதத்தை எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டி, “இதுவும் உங்க அண்ணன் எழுதினதுதான், படி” என்றேன். படித்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

நானும் நர்ஸ் ஞானபாயும் மாறி மாறிப் பையை அமுக்கினோம். அவள் கை வீங்கி, விரலை மடக்க முடியாமல் போனபோது வைகுண்டராஜன்தான் எழுந்து வந்தான். “நானும் பிடிக்கேன், சொல்லித்தாரும்” என்றான். அதன்பின் அவனை அந்த இடத்தை விட்டு எழுப்பவே முடியவில்லை.

கண் திறக்காமல், விரல் அசையாமல் கிடந்தவளுக்கு நினைவு இருக்கும் என்று எனக்கே தோன்றவில்லை. குழாயை எடுத்துப் பேச்சு வந்ததும் சொர்ணம் சொன்னாள்: “கண்ணுதான் தொறக்க முடியல்ல டாக்டரண்ணே. எல்லாம் கேட்டுது. எந்தக் கை ஆருக்க கைன்னுகூட அறிஞ்சேன். கொழுந்தன் அமுக்குனா மூச்சு படபடன்னு வரும்.”

வைகுண்டராஜன் அவள் காலடியில் விழுந்து அழுதான். அவனை எழுப்பி, போய்ச் சாப்பிடச் சொன்னாள்.

நீ பதறித் தந்தி அடித்தாய், அவள்மேல் உள்ள பாசத்தில்தான் என்று உனக்காகப் பரிந்து பேசினேன். உனக்கு என்ன எழுத என்று கேட்டேன்.

“அவிய அடிச்ச தந்தி எனக்குக் கேட்டுதுன்னு எழுதுங்க. வேற ஒண்ணும் எழுதாண்டாம்.”

ஜெபசீலன்