சந்தனப் பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

பெம்பான்,
17.11.1996

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை தேவமலர் எழுதுவது.

நாங்கள் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. அண்ணியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

மலாக்காவில் வாய் பேசாத பிள்ளைகள் படிக்கிற மையத்தில் நம் மோகனா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பேப்பரில் பார்த்து, சிங்கப்பூரில் எல்லாரிடமும் காட்டியதாக எழுதியிருந்தீர்கள். அண்ணே, அது சுத்தப் பொய்! உற்றுப் பாருங்கள், திரை இருட்டாக இருக்கும். சுவிட்சே போடவில்லை. நிருபர் வந்தார் என்று என் மகள் கையைப் பிடித்து, கம்ப்யூட்டரோடு சேர்ந்த படப்பலகையில் வைத்தார்கள். அவர் கிளம்பியதும் மறுபடி பட்டுத்துணி போட்டு மூடிவிட்டார்கள்.

ஆயுத பூசையன்று ஆரம்பித்த கூத்து இது. கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் போட்டார்கள். சரி, நானும் கும்பிட்டேன். மறுநாள் எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாமா? தலைவர் நாகமுத்து ஆபீஸ் அறையில் வைத்துப் பூட்டிவிட்டார். கேட்டால், "பூச போட்ட சாமான்லா, இதுங்க கை பட்டா கெட்டுப் போயிரும்" என்கிறார். இதுங்களாம்! யாருக்காக வந்த சாமான் அது?

அந்தப் பலகையில் படத்தைத் தொட்டால் என் குரலில் பேசுகிற மாதிரி நீங்கள் பதிந்து கொடுக்கும்வரை மோகனா வாயில் ஒரு வார்த்தை வந்ததில்லை. பல் படத்தை அழுத்தி, கம்ப்யூட்டர் "பல் வலிக்குது" என்று சொன்னதும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாளே, அந்தப் பிள்ளையைப் போன வாரம் முரடு என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சுவரில் தலையை முட்டிக்கொண்டாளாம். ஜாசின் கிளினிக்கில் காட்டினால் காதுக்குள் சீழ். எத்தனை நாள் வலியோ! இருந்த ஒரே வாயையும் பூட்டி வைத்துவிட்டு, என் பிள்ளை முரடாம்! இனிமேல் கூட்டிவர வேண்டாமாம்!

நான் சும்மா திரும்பவில்லை. ஆபீஸ் அறைக்குள் போய், கமிட்டிக்காரர்கள் முன்னாலேயே கம்ப்யூட்டர் மேலிருந்த துணியை உருவிப் போட்டேன். பாக்கியலட்சுமி டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். நாகமுத்துவோ, "எஸ்டேட்டு ஆளு, ஒனக்கு என்னாம்மா தெரியும், போம்மா" என்று விரட்டிவிட்டார்.

கம்ப்யூட்டரில் எல்லாம் பதிந்து கொடுத்தவர் நீங்கள், அங்கே உங்கள் பேச்சுக்குத்தான் மரியாதை. போன் வேண்டாம், சரி சரி என்று சொல்லிவிட்டு மறந்துவிடுவார். லீவு போட்டு நேரில் வாருங்கள்.

காது இப்போது தேவலை. ஆனால் மோகனா வீட்டில் கண்ட படத்தையெல்லாம் அழுத்துகிறாள். பால் டின், பிஸ்கட் டப்பா, காலண்டர், எதையும் விடுவதில்லை. அழுத்திவிட்டுச் சத்தம் வருமா என்று காத்திருக்கிறாள். நேற்று சுவரில் மாட்டியிருக்கும் உங்கள் கல்யாணப் படத்தில், உங்கள் முகத்தின்மேல் விரலை வைத்து அழுத்தினாள். ரொம்ப நேரம் அங்கேயே நின்றாள்.

மாரியாயி உங்களுக்கு ஒரு குறையும் வைக்கமாட்டாள். வந்து பேசுங்கள் அண்ணே.

உங்கள் தங்கை,
தேவமலர்