காற்றாலைக் கழுதைக்குட்டியின் எட்டாவது வாரம்

விழுப்புரம்
21.6.1993

அன்புத் தங்கை வெனிலாவுக்கு,

அண்ணன் அருண் எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். திண்டிவனத்தில் நீயும் பெரியம்மாவும் பெரியப்பாவும் சுகமாக இருப்பீர்கள். பஸ் ஏற்றிவிட்டபோது என் கையைக் கடித்தாயே, அந்தத் தடம் போய்விட்டது. கோபம் இல்லை.

பெரியம்மா வீட்டில் டிவி இல்லை என்று அழுதாயாம். அதற்குத்தான் இந்த லெட்டர். இனி ஒவ்வொரு ஞாயிறும் டிவியில் பார்த்த கழுதைக்குட்டிக் கதையை மறுநாளே உனக்கு எழுதிவிடுகிறேன். முதல் வாரம் நாம் சேர்ந்தே பார்த்தோம். காற்றாலையை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது வரைக்கும் உனக்குத் தெரியும்.

நேற்று முதல் பூசை முடிந்ததும் டிவி பார்க்கச் சக்கரபாணி சார் வீட்டுக்கு ஓடினேன். கழுதைக்குட்டி ஒரு மரக்கதவின் மேல் ஏறிக்கொண்டு ஆற்றோடு மிதந்து போகிறது. அந்த ஆறு நிஜத் தண்ணீர் இல்லை, கண்ணாடித்தாள். சார்தான் சொன்னார். "எல்லாம் பொம்மடா. ஒரு நெல்லு அகலம் நவுத்தி வெச்சி ஒரு போட்டோ, திரும்ப நவுத்தி ஒரு போட்டோ. ஒருத்தன் நாள் பூரா குந்திக்கினு எடுத்தாலும் நாலு செகண்டுதான் வரும்" என்றார். பொம்மை என்று தெரிந்த பிறகும் அதற்குக் குளிர்ந்தபோது எனக்கும் குளிர்ந்தது. வானத்திலிருந்து பஞ்சு பஞ்சாகப் பனி விழுகிறது. சத்தமே இல்லை. காதை மட்டும் ஒரு தடவை ஆட்டிவிட்டுக் கழுதைக்குட்டி திரும்பிப் பார்க்கிறது. அங்கே வீடு இல்லை, புகைமாதிரி ஏதோ இருக்கிறது.

கறுப்பு வெள்ளை டிவியில் நிறம் தெரியாது. ஆனால் அது மல்லாட்டைக் கடலையின் தோல் நிறமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அது போட்டிருக்கிற சட்டை சிவப்பு.

அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் இந்த வாரமும் காலை டூட்டி. உன் கவுனைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறாள்.

உன் அண்ணன்,
இருதய அருண், 8-ஆம் வகுப்பு


திண்டிவனம்
20.7.1993

அண்ணாவுக்கு வெனிலா முத்தம்.

எல்லா லெட்டரும் வந்தது. தலையணை உறைக்குள் வைத்திருக்கிறேன். பெரியம்மா நல்லவங்கதான். தலை வாரும்போது இழுக்கமாட்டாங்க. சாப்பிடும்போது மட்டும் பேசக் கூடாது. பெரியப்பா ஜெபம் முடிப்பதற்குள் சோறு ஆறிவிடும்.

கண்ணை மூடிக்கொண்டால் கழுதைக்குட்டி வருகிறது. வகுப்பில் கணக்கு நடக்கும்போதும் வருகிறது. சிவப்புச் சட்டையில் பனி ஒட்டியிருக்கிறது. நான் தட்டிவிடுகிறேன்.

அது எப்போது வீட்டுக்குப் போகும்? மாதாவிடம் வேண்டிக்கொண்டிருக்கிறேன். அது வீடு போய்ச் சேர்ந்த அன்றைக்கு நானும் கிளம்பி வந்துவிடுவேன். பெரியம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவங்க சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. பால் பொங்குது என்று உள்ளே போய்விட்டாங்க.

அம்மாவிடம் என் கவுனை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று சொல்.

வெனிலா


விழுப்புரம்
2.8.1993

அன்புள்ள வெனிலா,

போன வாரம் கரண்ட் இல்லை. அதனால் ஏழாவது வாரம் பார்க்கவில்லை. நேற்று எட்டாவது வாரம்.

கழுதைக்குட்டி ஆற்றங்கரைக்கு வந்துவிட்டது. அந்தப் பக்கம்தான் அதன் ஊர். ஆனால் பாலம் உடைந்து கிடக்கிறது. ஆறு கால் வைத்தால் உடைகிற மாதிரி மெலிசாக உறைந்துபோய், மேலே நிலா வெளிச்சம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. கரையில் ஒரு சின்ன வீடு. அதில் இரண்டு வாத்துகள். வயதானவை, பிள்ளை இல்லை. கதவைத் திறந்த அம்மா வாத்து, யார் என்ன என்று ஒன்றுமே கேட்கவில்லை. துண்டு எடுத்து முதலில் காதைத் துடைக்கிறது. பிறகு கேப்பைக் கூழ் கரைத்துக் கொடுக்கிறது. பாலம் கட்டி முடிக்கும்வரை அது அங்கேதான் இருக்கப் போகிறது.

பாலம் கட்ட ரொம்ப நாள் ஆகும் போலிருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு பலகைதான் வைக்கிறார்கள். நீ நன்றாகப் படி.

அண்ணன் அருண்


திண்டிவனம்
14.9.1993

அண்ணா,

என் பக்கத்தில் உட்காரும் அம்சா வீட்டில் டிவி இருக்கிறது. கழுதைக்குட்டி ஜூலையிலேயே முடிந்துபோய்விட்டது, இப்போது வேறு ஏதோ போடுகிறார்கள் என்று சொல்கிறாள். "எங்கண்ணன் பொய் எழுதமாட்டான்"னு சொல்லி அவள் டிபன் பாக்ஸைத் தட்டிவிட்டேன். டீச்சர் என்னை மண்டி போட வைத்தார்கள். மண்டி போட்டபோதுகூட நான் அழவில்லை.

எத்தனை பலகை வைத்திருக்கிறார்கள்?

வெனிலா


விழுப்புரம்
7.2.1994

அன்புள்ள வெனிலா,

நேற்றோடு தொடர் முடிந்தது. பாலம் கட்டியாகிவிட்டது. கழுதைக்குட்டி பாதிப் பாலம் வரைக்கும் நடந்தது. அந்தக் கரையில் அதன் அம்மா நிற்கிறாள். பனியில் சரியாகத் தெரியவில்லை, நிழல் மாதிரி இருக்கிறாள். இந்தக் கரையில் வாத்துகள் நிற்கின்றன. யாரும் கூப்பிடவில்லை. பாலத்துக்குக் கீழே பனி உடைந்து ஆறு ஓட ஆரம்பிக்கிறது.

அது ரொம்ப நேரம் நின்றது. பிறகு வாத்துகளிடம் திரும்பிப் போய்விட்டது. அதன் அம்மா கோபப்படவில்லை. கையை ஆட்டிவிட்டுப் போனாள். பாலம் இருப்பதால் எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். இது சோகமான முடிவு இல்லை என்று நினைக்கிறேன்.

அருண்


திண்டிவனம்
20.2.1994

அண்ணா,

நானும் இங்கேயே இருக்கிறேன். அம்மாவிடம் சொல்லிவிடு.

பெரியம்மாவை நேற்று அம்மா என்று கூப்பிட்டேன். அவங்க அரிசி புடைத்துக்கொண்டிருந்தாங்க. முறத்தைக் கீழே போட்டுட்டாங்க. அப்படியென்றால் நம் அம்மாவை இனிமேல் சித்தி என்று கூப்பிட வேண்டுமா? கேட்டுச் சொல்.

வெனிலா


திண்டிவனம்
12.5.2012

அன்புள்ள அண்ணனுக்கு,

வெனிலா வணக்கம். அண்ணியும் பிள்ளைகளும் நலமா? சித்தியின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? ஃபோன் இருக்கும்போது இவள் ஏன் லெட்டர் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். ஃபோனில் என்றால் பாதியில் அழுதுவிடுவேன், இல்லை கோபத்தில் வைத்துவிடுவேன்.

பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு நான் வருஷா வருஷம் சொல்லும் கதை எது என்று உனக்குத் தெரியும். இந்த வருஷம் ஒரு பிள்ளையின் அம்மா, "அந்தப் படம் நெட்ல கிடைக்குமே மிஸ்" என்றார். போன ஞாயிறு உன் மச்சான் அடைக்கலராஜ் லேப்டாப்பில் தேடி எடுத்துக் கொடுத்தார். பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு பார்த்தேன், அண்ணா. வெளியே வெயில் கொளுத்துகிறது. ஜன்னலைச் சாத்திவிட்டு, சமையலும் செய்யாமல், பனிக்குள் உட்கார்ந்திருந்தேன். கழுதைக்குட்டி சாம்பல் நிறம். சட்டை நீலம். காது ஆட்டுவது மட்டும் நீ எழுதிய மாதிரியே இருந்தது. படத்துக்குக் கீழே எந்தெந்த நாட்டிலிருந்தோ ஆட்கள் எழுதியிருக்கிறார்கள்: என் சின்ன வயசு இதுதான், இதைப் பார்த்தால் எங்கள் வீட்டுக் கூடம் ஞாபகம் வருகிறது என்றெல்லாம். நானும் ஏதாவது எழுத நினைத்தேன். ஒரே ஒரு வாரம் பார்த்துவிட்டு இத்தனை வருஷம் இதற்காக ஏங்கியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மொத்தமே ஏழு வாரம்தான். ஏழாவது வாரத்தில் அது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. பாலம் உடையவே இல்லை. வாத்துகள் இல்லை. இரண்டு தடவை தேடிப் பார்த்தேன். பனி பெய்யும் நாட்டில் கேப்பைக் கூழ் ஏது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை, பார்.

அம்சா சொன்னது சரி. அவளிடம் மன்னிப்புக் கேட்க இப்போது அவள் எங்கே இருக்கிறாளோ.

ஏன் அப்படி எழுதினாய்? விளையாட்டுக்கு என்று மட்டும் எழுதாதே. நான் அந்த வாத்துகளை நம்பித்தான் இங்கே இருந்தேன்.

வெனிலா


விழுப்புரம்
20.5.2012

அன்புத் தங்கைக்கு,

ஏழாவது வாரம் கரண்ட் இருந்தது. கழுதைக்குட்டி கதவைத் தட்டியதும் அதன் அம்மா விளக்கோடு ஓடிவந்ததை நான் பார்த்தேன். உனக்கு எழுத வேண்டும் என்று இன்லேண்ட் லெட்டரைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் உன் லெட்டர் இருந்தது. அது வீடு போய்ச் சேர்ந்தால் நானும் வருவேன் என்று நீ எழுதியிருந்தாயே, அது.

அம்மா அதை எடுத்துப் படித்தாள். "அது வூட்டுக்குப் போயிடுச்சின்னு எழுதாதடா. எழுதினா பொண்ணு கெளம்பி வந்துரும். நான் டூட்டிக்குப் போய்க்கினு இருந்தா பகல்ல யாரு பாத்துக்குவா? அங்க நல்லாக்கீது. இருக்கட்டும்" என்றாள். சொல்லிவிட்டு உன் கவுனை எடுத்து மறுபடியும் மடித்தாள். ஏற்கெனவே மடித்திருந்த கவுன்தான்.

அந்த ஒரு லெட்டர் அம்மாவுக்காக. அடுத்த இருபத்தேழும் நானாக எழுதியது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் முழங்கால் போட்டுக்கொண்டு, இந்த வாரம் வாத்து வீட்டில் என்ன நடக்கும் என்று யோசிப்பேன். எழுதும்போது நீ எதிரே உட்கார்ந்து கேட்கிற மாதிரி இருக்கும். இன்னொன்றும் உண்டு. இதை நான் உன் அண்ணி பவுலினிடம்கூடச் சொன்னதில்லை. நீ போன பிறகு அம்மா முழுக்க எனக்குக் கிடைத்தாள். அந்தப் பாலம் கட்டி முடிக்காமலே இருந்தாலும் பரவாயில்லை என்று சில வாரங்கள் தோன்றியிருக்கிறது. கடைசியில் கட்டினேன். ஆனால் உன்னைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

சித்தி என்று கூப்பிடலாமா என்று நீ கேட்ட லெட்டரை அம்மாவிடம் நான்தான் வாசித்தேன். "அவ இஷ்டம்" என்றாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

இதற்குமேல் எழுதப்போவதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. எனக்குச் சேலத்துக்கு மாற்றல் வந்திருக்கிறது. ஒரு வருஷமாவது ஆகும். பவுலின் காலையில் வேலைக்குப் போனால் திரும்ப ஏழு மணி. அம்மாவால் எதையாவது பிடிக்காமல் நடக்க முடியவில்லை. பகலில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. உனக்குப் பள்ளிக்கூடம் மத்தியானத்தோடு முடிகிறது, அதுவரை மச்சான் வீட்டில்தான் இருக்கிறார். உன் வீட்டில் அம்மாவை வைத்துக்கொள்ள முடியுமா? முடியாது என்று நீ சொன்னால் எனக்குப் புரியும்.

அருண்


திண்டிவனம்
26.5.2012

அண்ணனுக்கு,

உன் லெட்டரைப் படித்துவிட்டுக் கிழிக்கப் போனேன். உன் மச்சான்தான், "பதில் எழுதிட்டுக் கிழி" என்றார். இன்னும் கிழிக்கவில்லை.

கோபம் இல்லை என்று எழுதமாட்டேன். இருக்கிறது. பத்து வயசு ஆவதற்கு முன்னால் ஒருத்தி, தானே முடிவு செய்ததாக நினைத்துக்கொண்டு தன் அம்மாவைச் சித்தி ஆக்கினாள். அது அவள் முடிவே இல்லை என்று இருபத்தெட்டு வயசில் தெரிகிறது. அதை நீ யோசித்துப் பார். அப்போது உனக்குப் பதிமூன்று வயசுதான். அதையும் நானே யோசித்துக்கொண்டேன்.

இங்கே நான் சந்தோஷமாகத்தான் வளர்ந்தேன். பெரியம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது, இன்னும் தலை வாரும்போது அவங்க கைதான் ஞாபகம் வருகிறது. உன் வாத்து பொய் சொல்லவில்லை. என்னவென்று கேட்காமல் காதைத் துடைத்துவிட்டது உண்மை. நெட்டில் பார்த்த படம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தால் பிள்ளைகளுக்கு நான் சொல்லப்போவது உன் கதையைத்தான். முடிவை மட்டும் மாற்றலாமா என்று யோசிக்கிறேன்.

சித்தியைக் கூட்டிக்கொண்டு வா. சித்தி என்றுதான் கூப்பிடுவேன். வாய் அப்படிப் பழகிவிட்டது.

ஒன்றே ஒன்று. அவங்களிடம், "நாலு நாள் இருந்துட்டு வந்துரலாம்"னு சொல்லிக் கூட்டி வராதே. என்னை அப்படிச் சொல்லித்தான் பஸ் ஏற்றினீர்கள். எங்கே போகிறாங்க, எதற்காக, எத்தனை நாள், எல்லாவற்றையும் உட்கார வைத்து நேராகச் சொல். அழுதால் அழட்டும். அழுது முடித்ததும் கூட்டி வா.

கீழ் அறையைச் சுத்தம் செய்யச் சொல்லியிருக்கிறேன்.

வெனிலா


விழுப்புரம்
4.6.2012

அன்புள்ள வெனிலா,

நேற்றுப் பூசை முடிந்து வந்ததும் அம்மாவை உட்கார வைத்துச் சொன்னேன். சேலம், ஒரு வருஷம், பகலில் ஆளில்லாதது, எல்லாவற்றையும். அவள் அழவில்லை. மாத்திரை டப்பாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தாள். பிறகு, "அவள கேட்டியா?" என்றாள்.

"இன்னாத்தம்மா?"

"நான் வர்றதுல அவளுக்கு இஷ்டமான்னு கேட்டியா? அன்னிக்கி அவள நான் ஒரு வார்த்த கேக்கல."

"கேட்டேன்மா. வரச் சொல்லிக்கிறா."

நம்பவில்லை. உன் லெட்டரைக் கொடு என்றாள். அதில் இருப்பதை நினைத்து நான் வாசித்துக் காட்டுகிறேன் என்றேன். "நீ வாசிக்க வேணாம். நீ வாசிச்சா மாத்தி வாசிப்ப" என்று சொல்லிக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். கண்ணாடி போட்டு, எழுத்துக் கூட்டி, முழுவதையும் படித்தாள். கோபம் இருக்கிறது என்று நீ எழுதிய இடத்தில் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தாள். முடித்ததும், "சரியாத்தான் எழுதிக்கீது பொண்ணு" என்றாள். லெட்டரைத் திருப்பித் தரவில்லை.

சனிக்கிழமை காலை பாசஞ்சரில் வருகிறோம். பஸ் வேண்டாமாம், ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வர வேண்டுமாம். வெயிலில் பிள்ளை ஸ்டேஷனுக்கு அலைய வேண்டாம், நாங்களே ஆட்டோ பிடித்து வந்துவிடுகிறோம் என்று எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன். நீ வந்தால் நன்றாக இருக்கும் என்பது நான் எழுதுவது.

அருண்