ஆமென் சொன்ன குரல்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நீ நலமென்று நம்புகிறேன். போனில் கூப்பிட்டால் கத்திவிடுவேன், அதனால்தான் காகிதம்.

நேற்று மாலை ஆபரேஷன் மேஜைக்கு வந்தவள் உன் சபைப் பெண். பேக்கரியில் கேக்குக்குக் கிரீம் பூசுகிறவள். புருஷன் கிரேன் ஓட்டுகிறான். இஸ்திரிப் பெட்டியால் முகத்தில் அடித்திருக்கிறான். விழுந்த பிறகு மிதித்திருக்கிறான். கீழ்த்தாடை நடுவில் பிளந்து, ஒரு பக்க மூட்டு நொறுங்கிவிட்டது. உடைந்த பற்களை நாக்குக்கு அடியிலிருந்து பொறுக்கி எடுத்தேன். இரண்டு தாடையையும் சேர்த்துக் கம்பி கட்டியிருக்கிறேன். பேச முடியாது. குழந்தைகள் வார்டிலிருந்து ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்தேன்.

அவள் முதலில் எழுதியது: “பாஸ்டர் லைன்ல இருந்தார்.”

குளியலறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு உங்கள் ஜெபப் போனுக்கு அழைத்திருக்கிறாள். “சொல்லுங்க மகளே” என்று நீ எடுத்திருக்கிறாய். அவன் கதவை உடைத்துப் போனைப் பிடுங்கியிருக்கிறான். “பாஸ்டரய்யா, கேக்குதா? இவளுக்கு இன்னும் ரெண்டு போடட்டுமா?” என்று கேட்டிருக்கிறான். நீ இந்தக் குடும்பத்தின் சமாதானத்துக்காக ஜெபித்தாயாம். நிதானமாக, ஒரு இடத்தில்கூடத் தடுமாறாமல். “பாத்தியாடி, உங்கய்யாவே ஆசீர்வாதம் பண்றாரு!” என்று சிரித்துக்கொண்டே மிதித்தானாம். நீ ஆமென் சொல்லி வைத்துவிட்டாயாம்.

சிலேட்டைத் துடைத்துவிட்டு மறுபடி எழுதினாள்: “உங்க தம்பியை மன்னிச்சிட்டேன்னு சொல்லுங்க.”

எத்தனையோ தாடைகளைத் தைத்திருக்கிறேன். இதைப் படித்ததும் நேரே என் அறைக்குப் போய் இந்தக் காகிதத்தை எடுத்தேன்.

அது நீதானா?

அக்கா

மார்ச் 7

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஆலயப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அது நான் இல்லை. சத்தியமாக இல்லை. அது மெஷின்.

முன்பெல்லாம் அந்தப் போனைச் சபையார் முறை வைத்து வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். அம்மாவும் எடுத்துவந்தது உனக்கு நினைவிருக்கும். யார் அழைத்தாலும் கேட்கவேண்டும், தேவையென்றால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பவேண்டும். ஆனால் தையல்காரம்மா காதில் விழுந்ததையெல்லாம் ஊருக்கு ஒலிபரப்பினாள். பஸ் டிரைவர் மணியடிக்க மணியடிக்கக் குறட்டை விட்டார். ஒரே சண்டை. போன வருடம் என் பிரசங்கங்களையெல்லாம் ஊட்டி, என் குரலிலேயே தானாகப் பதில் பேசுகிற ஒரு ஏ.ஐ. பெட்டியை வாங்கினேன். தூங்காது, புறம் பேசாது, அலுத்துக்கொள்ளாது. “இனி எல்லா அழைப்பும் எனக்கே வரட்டும்” என்று மட்டும் சபையில் அறிவித்தேன். ஐயா எங்களுக்காகத் தூக்கத்தையே விட்டுவிட்டார் என்று நெகிழ்ந்துபோனார்கள். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? இப்போது சொன்னால், அதனிடம் அழுதவர்களின் கதி?

நீ மட்டும் என்ன, தாடை டாக்டரம்மா? உன் வார்டில் மூச்சையே மெஷின்தானே விடுகிறது? கோபிக்காதே. அவளுக்காக உபவாசம் இருக்கிறேன். அவளிடம் எதுவும் சொல்லிவிடாதே.

உன் சின்னவன்

மார்ச் 11

தம்பிக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதி அடித்துவிட்டேன்.

ஆமாம், என் வார்டில் மெஷின்தான் மூச்சு விடுகிறது. பக்கத்தில் ஒரு நர்ஸ் கண் எரிய உட்கார்ந்திருக்கிறாள். மெஷின் நின்றால் அவள் கையால் மூச்சுப் பையை அழுத்துவாள். அந்த மூச்சை யாரும் என் தம்பியின் மூச்சு என்று சொல்லி ஏமாற்றுவதில்லை.

நான் ஆலயத்துக்குள் காலெடுத்து வைத்துப் பல வருடம் ஆகிறது. உன் சாமியை நம்புகிறேனா என்று கேட்காதே. ஆனால் நீ பிரசங்கிக்கிறவர் மேலேயிருந்து குரலை மட்டும் அனுப்பிவைத்தவர் அல்ல. அடி வாங்குவதற்கு ஒரு உடம்போடு வந்தவர். முகத்தில் துப்பினார்கள், முதுகைக் கிழித்தார்கள், கையில் ஆணி அடித்தார்கள். உடம்பு இல்லாதவரை இதெல்லாம் செய்ய முடியாது. உன் ஜெபத்துக்கு உடம்பு இல்லை, தம்பி. அதனால்தான் அவன் மிதிக்க மிதிக்க அதற்கு வலிக்கவில்லை.

அவள் புருஷன் ஜாமீனில் வந்துவிட்டான். நேற்று ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து, தடுத்த காவலாளியைத் தலையால் முட்டி மூக்கை உடைத்துவிட்டு, போலீஸ் வருவதற்குள் ஓடிவிட்டான். அவளை என் வீட்டுக்குக் கூட்டி வந்திருக்கிறேன். கஞ்சியைக் குழாயில் உறிஞ்சுகிறாள், வாசல் மணி அடித்தால் கட்டிலுக்குக் கீழே போய்விடுகிறாள். உன்னை இன்னும் மன்னித்துக்கொண்டுதான் இருக்கிறாள். அதை என்னால் தாங்க முடியவில்லை.

ஏப்ரல் 10 அவளுக்குக் கம்பி பிரிக்கிறோம். நேரில் வந்து நீயே சொல். போன் செய்யாதே. உன் குரலைக் கேட்டால் அது நீதானா என்று இனி எனக்கும் சந்தேகம் வரும்.

அக்கா

மார்ச் 31

அன்புள்ள அக்காவுக்கு,

ஞாயிறன்று சபையில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லி முடிப்பதற்குள் ஆர்கன் வாசிக்கிற அம்மா எழுந்து வந்து கன்னத்தில் அறைந்தார். “எம்புள்ள செத்த அன்னிக்கு யார்கிட்டடா நான் அழுதேன்? யார்கிட்ட?” இன்னொரு கன்னத்திலும் அறைந்தார். பின் வரிசையிலிருந்து ஒரு நாற்காலி பறந்து வந்து என் புருவத்தைக் கிழித்தது. இளைஞர்கள் மெஷினை வெளியே இழுத்துப் போய்க் கடப்பாரையால் நொறுக்கினார்கள். பிசாசை ஒழித்துவிட்டோம் என்று கை தட்டினார்கள். ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது பிசாசு இல்லை, அக்கா. வெறும் பெட்டி. பொய் சொன்னது நான்.

போன் இப்போது என்னிடம்தான். நேற்று ஒருவர் அழுதார். செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிப் போனேன்.

பத்தாம் தேதி வருகிறேன். பயமாக இருக்கிறது. அவனை நினைத்து அல்ல, அவளை நினைத்து.

உன் சின்னவன்

ஏப்ரல் 12

என் அன்புத் தம்பிக்கு,

மேல் மாடியிலிருந்து எழுதுகிறேன். நர்ஸ் கொண்டுவந்து தருவாள். நேரில் சொல்ல வந்தால் அழுதுவிடுவேன், டாக்டர் அழுதால் வார்டு பயந்துவிடும்.

உனக்கு எதுவரை நினைவிருக்கிறது என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அவன் இரும்புக் குழாயோடு அவள் மேல் பாய்ந்தபோது நீ நடுவில் போய் நின்றாய். முதல் அடி தோளில், அடுத்தது வாயில். விழுந்தும் அவன் காலைக் கட்டிப் பிடித்திருந்தாய். அவன் உன் முதுகில் மாறி மாறி அடித்தான். காவலாளிகள் வந்து அவனை அமுக்கும்வரை நீ விடவில்லை. அவன் இப்போது ஜெயிலில் இருக்கிறான். உன் தாடைக்கு நானேதான் கம்பி கட்டினேன்.

நீ அவளிடம் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. ஆனால் அடி விழுந்தபோது “ஐயோ, அக்கா!” என்று அலறினாயே, அதை அவள் கேட்டாள். இன்று காலை, கம்பி பிரித்துப் புதிதாய்த் திறந்த வாயால் தட்டுத் தடுமாறி என்னிடம் கேட்டாள்: “அவருக்கு இப்படி நடுங்குற குரலும் இருக்கா, டாக்டரம்மா? அப்போ அன்னிக்குப் போன்ல வந்தது யாரு?”

பதிலை உன்னிடமே கேட்கச் சொன்னேன். அது உன்னுடையது.

மத்தியானம் கீழே உன் வார்டுக்கு வருகிறாள். உன்னால் பேச முடியாது. அவளுடைய சிலேட்டு உன் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறது, துடைத்து வைத்திருக்கிறேன்.

அக்கா