சத்யாவின் கணக்கில் இருந்த கடல்

நவம்பர் 18

மழை விட்டும் கோட்டைக்குப்பம் தெருவில் தண்ணீர் வடியவில்லை. அங்கன்வாடிக்குப் பாதிப் பிள்ளைகள்தான் வந்தார்கள். மாலையில் தம்பி உதயகுமார் வந்து போனான். மகள் சத்யாவின் போன் விஷயம் ஒருவழியாக முடிந்தது.

பிளஸ் டூ தேர்வுக்கு அவள் படிப்பதும் போனில்தான், கண்டதைப் பார்ப்பதும் போனில்தான். எப்போது எதைச் செய்கிறாள் என்று தெரியவில்லை. குடும்பக் கணக்கு தொடங்கி அவளைப் பிள்ளையாகச் சேர்த்தால் நேரம் வைக்கலாம் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். புதிதாக எதை இறக்கினாலும் நம்மைக் கேட்குமாம். எங்கே இருக்கிறாள் என்றும் காட்டுமாம். ஆனால் சேர்க்கிறவர் பெரியவர்தான் என்று உறுதிசெய்ய ஒரு கார்டு கேட்டது. என் சம்பளக் கார்டை ஏற்கவில்லை. அதில் ஆன்லைன் வசதி திறக்கப்படவில்லை, பொன்னேரி பேங்க்குக்குப் போய் எழுதிக் கொடுக்க வேண்டும். கடலுக்குப் போகிற என் வீட்டுக்காரரிடம் கார்டே கிடையாது.

உதயகுமாரிடம் இருக்கிறது. "கார்டு என்னுதுன்னா கணக்குக்குப் பெரியவனும் நான்தானாம்க்கா. என் போன்லயே போட்டுக்கறேன். வூட்டு ஆளுதானே, இன்னா இப்போ?" என்றான். சரி என்றேன்.

உள்ளேயிருந்து சத்யா கேட்டாள்: "மாமா இன்னாத்துக்கு என்னைப் பாக்கணும்? தெனம் ஸ்டேஷன்ல கையெழுத்து போட்றவன் மாரி ஆக்கிட்டீங்க."

படிக்கிற பிள்ளைக்கு எதற்கு இத்தனை கோபம்?

நவம்பர் 21

சத்யா பேசவில்லை. சோறு வேண்டுமா என்று கேட்டால் தட்டை மட்டும் நீட்டுகிறாள்.

டிசம்பர் 5

அவர் இன்றும் வெறும் படகோடு கரைக்கு வந்தார். "போனா அங்க ஆள் நிக்குது. உன் தம்பி படகு."

கடலுக்கடியில் பாறை கிடக்கும் இடத்தை 'பார்' என்பார்கள். மீன் அங்கேதான் அடையும். அவரவர் பார் அவரவருக்குத்தான் தெரியும். கூடப் பிறந்தவர்களுக்குக்கூடச் சொல்வதில்லை. இவர் தன் பார்களை மனதில்தான் வைத்திருந்தார். கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடியிருந்தபோது சத்யா படகில் கூடப் போய், தன் ஆன்லைன் வகுப்பு போனின் வரைபடத்தில் எல்லாவற்றையும் குறித்துக் கொடுத்தாள். வெளியாளுக்குப் புரியக்கூடாது என்று பெயர்களும் வைத்தாள்: கணக்கு மிஸ், ஜிலேபி, மூக்குத்தி.

புதுப் போனை யாரும் கடலுக்கு எடுத்துப் போவதில்லை. உப்பு தின்றுவிடும். எந்த வீட்டிலும் கழித்துப் போட்ட போன்தான் படகுக்குப் போகும். எங்கள் வீட்டில் அந்த வகுப்பு போன் போகிறது, பாலித்தீன் சுற்றி டிபன் டப்பாவுக்குள். புதிதாக ஒரு கணக்குப் போட்டுத் தருகிறேன் என்று சத்யா எத்தனையோ தடவை சொன்னாள். "ஒண்ணும் கை வெக்காத. என் பாரெல்லாம் அதுலதான் கீது" என்று இவர் விடவில்லை.

போன வாரம் கணக்கு மிஸ். இன்று ஜிலேபி. இரண்டு இடத்திலும் இவருக்கு முன்னால் உதயகுமார்.

தற்செயல் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை.

டிசம்பர் 11

மூக்குத்தியும் போயிற்று.

படகில் மூன்று பேர். இவர், சுப்பராயலு, சுபாஷ். சுப்பராயலு பெரியவருக்குக் கண் மங்கல், பார் எங்கே என்று கேட்டால் கடல்ல என்பார். மிச்சம் இருப்பது சுபாஷ். அவன் தங்கையைக் கட்டிக் கொடுத்திருப்பது என் தம்பி குப்பத்தில்.

"அவன் அப்படிப்பட்ட ஆளு இல்லைங்க."

"அப்போ யாரு? நானா? இல்ல, மீனு வந்து சொல்லிச்சா?"

டிசம்பர் 14

சுபாஷைப் படகிலிருந்து இறக்கிவிட்டார். கரையில், எல்லோர் முன்னாலும்.

நான் கண்ணால் பார்க்கவில்லை. சுப்பராயலு வந்து சொன்னார். வலை மடித்துக்கொண்டிருந்தானாம். இவர் கையிலிருந்து பிடுங்கி, "நாளையிலேர்ந்து உன் தங்கச்சி ஊர்லயே தொழிலுக்குப் போ" என்றாராம். சுபாஷ் எழுந்து, "இன்னாண்ணே சொல்ற? திருப்பிச் சொல்லு" என்றானாம். இவர் திருப்பிச் சொல்லவில்லை. ஆனால் கூட்டம் கேட்டுவிட்டது.

பார் விற்றவன் என்று பெயர் விழுந்தால் இந்தக் கரையில் எந்தப் படகும் ஏற்றாது. அவனுக்கு வேறு தொழில் தெரியாது.

டிசம்பர் 16

குழாயடியில் சுபாஷின் மனைவி ராஜாத்தி இருந்தாள். நான் குடத்தை வைத்ததும் தன் குடத்தை எடுத்துத் தள்ளி வைத்தாள்.

"எங்க குடம் பட்டா உங்க தண்ணியையும் காட்டிக் குடுத்துரும் அண்ணி."

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

டிசம்பர் 20

ஊர்ப் பெரியவர்களிடம் சுபாஷ் போயிருக்கிறான். அம்மன் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன் என்கிறான். வருகிற வெள்ளிக்கிழமை என்று நாள் வைத்துவிட்டார்கள். சத்தியம் நடந்துவிட்டால் அவன்மேல் பழி இல்லை. ஆனால் செய்தவன் வீடும் செய்யவைத்தவன் வீடும் அதன்பிறகு சாவுக்கும் கல்யாணத்துக்கும் போய்வர முடியாது. ஒரே படகில் ஏறும் பேச்சே கிடையாது.

இன்று மதியம் உதயகுமார் நண்டு கொண்டுவந்தான். உலை வைக்கப் போனேன். "இப்போ இன்னாத்துக்குக்கா அவசரம்? மாமா இன்னும் வெளிய தான் கீறாரு. கரைக்கு வர நேரமாவும்" என்றான்.

சொன்னபடியே நேரமாயிற்று.

பாத்திரம் கழுவும்போதுதான் தோன்றியது. இவர் கடலில் எங்கே இருக்கிறார் என்று வீட்டில் நண்டு உடைத்துக்கொண்டிருந்தவனுக்கு எப்படித் தெரியும்?

டிசம்பர் 21

சத்யாவைக் கேட்டேன். உன் மாமா போனில் என்னென்ன தெரியும்?

"என் கணக்கு எந்தெந்த போன்ல கீதோ, எல்லாம் தெரியும்."

"எந்தெந்த போன்ல கீது?"

"இதுல. அப்புறம்—" என்று நிறுத்தினாள். "நைனாவோட படகு போன்ல."

அந்த வகுப்பு போனில் இன்னும் சத்யாவின் கணக்குதான் ஓடுகிறது. கலங்கரை விளக்கம் கண்ணுக்குத் தெரிகிற தூரம்வரை சிக்னல் கிடைக்கும். இவருடைய பார்கள் எல்லாம் அந்தத் தூரத்துக்குள்தான்.

பஸ் பிடித்துத் தம்பி வீட்டுக்குப் போனேன். போனைக் காட்டு என்றேன். மறைக்கவில்லை, காட்டினான். சத்யா என்ற பெயருக்குக் கீழே இரண்டு புள்ளி. ஒன்று எங்கள் வீட்டில். இன்னொன்று கடலில், அசையாமல். அங்கே அவர் வலை விட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"நீதானக்கா போட்டுக் குடுத்த. நானா கேட்டேன்?"

"புள்ளையப் பாத்துக்கன்னு குடுத்தேன்டா."

"கடல் யாரு பேருல பட்டா போட்டுக் கீது? தெரிஞ்சுது, போனேன். சுபாஷை மாமா இறக்கி வுடுவாருன்னு நான் இன்னா கனவா கண்டேன்?"

"இப்போ தெரியுதில்ல. வந்து சொல்லு."

"சொன்னா என்னைக் கரையில நிக்க வுடுவாங்களா?"

அப்படியானால் சுபாஷ்? அவன் எங்கே நிற்பான்? கேட்டேன். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். என் தம்பி. இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை.

டிசம்பர் 23

அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் என் பிறந்த வீட்டு வாசல் மூடிவிடும். சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை கற்பூரம் எரியும்.

டிசம்பர் 26

சொல்லிவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கார்டு, கணக்கு, இரண்டு புள்ளி, எல்லாவற்றையும். சத்யாவும் பக்கத்தில் இருந்தாள். முழுதும் கேட்டார். கையைக் கழுவினார். வெளியே போய் வலையருகில் உட்கார்ந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நாளை என்ன செய்யப் போகிறார்?

டிசம்பர் 27, வெள்ளி

கோயிலில் ஆண்கள் முன்னால் இருந்தார்கள். நாங்கள் வேப்பமரத்துப் பக்கம். சுபாஷ் குளித்துவிட்டு ஈரவேட்டியோடு நின்றான். ராஜாத்தி மடியில் சின்னப் பிள்ளை. இவர் நடுவில் நின்றார், தலை நிமிரவில்லை. பேசுவார் பேசுவார் என்று பார்த்தேன். தட்டில் கற்பூரம் வைத்தார்கள். பேசவில்லை. தீப்பெட்டியை எடுத்தார்கள். அப்போதும் பேசவில்லை.

எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை. முன்னால் நின்றுகொண்டிருந்தேன். கொளுத்தாதீங்க, அவன் சொல்லல, எங்க வூட்டுப் போன்தான் சொல்லிச்சு என்றேன். யாருக்கும் புரியவில்லை. பொம்பளைக்கு இங்க இன்னா பேச்சு என்று ஒரு குரல். போன் எப்படிச் சொல்லும் என்று பெரியவர் கேட்டார். சத்யா வந்து என் பக்கத்தில் நின்று விளக்கினாள், வகுப்பில் பதில் சொல்கிற மாதிரி. மாமா பெயரையும் சொன்னாள். நான் சொல்ல இருந்த பெயரை அவள் சொன்னாள்.

"புருசன மாட்டி வுட்டு தம்பிக்கு வழி காட்டிக் கீறா" என்று பின்னாலிருந்து எவனோ சொன்னான்.

அப்போதுதான் இவர் வாய் திறந்தார். "அவ சொல்றது நெசம். நேத்தே எங்கிட்ட சொல்ட்டா. நான்தான் வாய் தொறக்காம நின்னுனு இருந்தேன்." பிறகு சுபாஷிடம் போனார். "கரையில வெச்சு சொன்னேன். அதே ஜனங்க முன்னால வாபஸ் வாங்கறேன்."

சுபாஷ் ஈரவேட்டியைப் பிழிந்துகொண்டான். "யோசிச்சு சொல்றேண்ணே" என்றான்.

ஜனவரி 3

பொன்னேரி போய் என் கார்டுக்கு ஆன்லைன் வசதி எழுதிக் கொடுத்தேன். உதயகுமார் தன் கார்டை எடுத்துவிட்டால் சத்யாவின் கணக்கே மூடிவிடும் என்று பயம் காட்டியது போன் திரை. உள்ளே கிடக்கிற பார்களும் போகும். அதனால் என் கார்டு தயாராகும்வரை கணக்கு அவன் கையில்தான் இருக்க வேண்டும். இதைக் கேட்பதற்கும் அவனிடமே போக வேண்டியிருந்தது. இடம் காட்டுவதை மட்டும் என் கண் முன்னால் அணைத்தான். தண்ணீர் கொடுத்தாள் அவன் மனைவி. குடித்தேன்.

ஜனவரி 10

கணக்கு என் பெயருக்கு வந்துவிட்டது. படகு போனில் சத்யா கணக்கை எடுத்துவிட்டு அவருக்கென்று ஒன்று போட்டாள். எல்லாப் பார்களையும் ஒவ்வொன்றாக மாற்றினாள். பெயர்களை அவர் மாற்ற விடவில்லை. இனி அவை ரகசியமும் இல்லை, கோயிலில் சத்யா சொன்னதிலிருந்து கரை முழுவதும் சொல்லிச் சிரிக்கிறது.

"இப்போ நீ என்னைப் பாப்பியா?" என்று கேட்டாள்.

நேரத்தை நீயே சொல், அதை மட்டும் வைக்கிறேன் என்றேன். சொன்னாள். நான் மனதில் வைத்திருந்ததைவிடக் குறைவாகச் சொன்னாள்.

ஜனவரி 14

பொங்கல். தம்பி வீட்டிலிருந்து வரிசை வரவில்லை. நான் எதிர்பார்க்கவில்லை.

எதிர்பார்த்தேன்.

ஜனவரி 20

சுபாஷ் இரண்டு நாளாகப் படகுக்கு வருகிறான். இவரோடு பேச்சு வேலைக்கு மட்டும்தான்: இழு, விடு, போதும். புதுப் பார் தேட வேண்டும், அதற்கு அவன் வேண்டும் என்று இவர் சொல்கிறார். அவ்வளவுதான் சொல்கிறார்.

காலையில் அங்கன்வாடிக்குப் போகும் வழியில் கரைக்குப் போனேன். ராஜாத்தி தன் பங்கு மீனைக் கூடையில் அடுக்கிவிட்டு நின்றாள். தலைக்குத் தூக்கிவிட ஆள் வேண்டும். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். வலை அருகில் ஆண்கள்தான் இருந்தார்கள். கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"ஒரு கை புடி" என்றாள்.

அண்ணி என்று சொல்லவில்லை. நான் பையைக் கீழே வைத்துவிட்டு மறுபக்கத்தைப் பிடித்தேன்.